திரொட்டிலுக்குத் தமிழ்ச்சொல்: வளிக்கதவு, இழுகதவு, ஏவுகதவு

திருகோணமலையிலிருந்து:

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சினுக்குள் போகும் வளியை அளவு பார்த்து விடும் திரொட்டிலுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று போன கிழமை தொடங்கிய பேச்சு, ‘ஆர்முடுகி’யா ‘நெரிப்பான்’ஆ என்ற இடத்தில் நிற்கிறது. இரண்டையுமே எடுக்கக் கூடாது என்று நினைக்கிறேன். காரணத்தை ஒரு காரை வைத்தே சொல்கிறேன். எனக்கு இந்தச் சொல் தேவைப்பட்டதே அந்தக் காரால்தான்.

உவர்மலையில் ஒரு தம்பி தன் அப்பப்பாவின் மொரிஸ் மைனருக்கு வேறு எஞ்சின் ஏற்றப் பார்க்கிறார். காரோடு வந்த 948 சீசீ எஞ்சின் இனித் தாங்காது. அவர் கையில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பழைய டொயோட்டா வேனிலிருந்து கழற்றிய 7கே-ஈ: 1.8 லீற்றர், பெற்றோல் இன்ஜெக்‌ஷன், திரொட்டிலுக்குக் கேபிள். மற்றது கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பார்த்து வைத்திருக்கும் பிந்திய கால எஞ்சின். அதில் கேபிளே கிடையாது, மிதியிலிருந்து வயர்கள் மட்டும் போகும். எதை எடுப்பது, எடுத்தால் என்னென்ன வேலை வரும் என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதித் தாருங்கள் அண்ணா என்றார். கராஜில் வேலை பழகும் பொடியன்களும் அதை வாசிக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால், எடுத்த எடுப்பிலேயே சொல் இல்லை.

பொருளிலிருந்து தொடங்குவோம். பெற்றோல் எஞ்சினில் காலால் மிதிக்கும்போது நாம் நேரே பெற்றோலைக் கூட்டுவதில்லை. எஞ்சினுக்குள் வளி போகும் வழியில் வட்டமான ஒரு தட்டு, நடுவில் அச்சோடு நிற்கிறது. மிதித்தால் அது திரும்பி வழிவிடும். எவ்வளவு வளி போகிறதோ அதற்கேற்ற பெற்றோலைக் காபரேட்டர் உறிஞ்சலால் கொடுக்கும். இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் கணினி கணக்குப் பார்த்துக் கொடுக்கும். அந்தத் தட்டும் அது இருக்கும் குழாய்த்துண்டும்தான் திரொட்டில்.

‘ஆர்முடுகி’, இலங்கைப் பள்ளிக்கூடங்களில் படித்த எல்லோருக்கும் தெரிந்த ஆர்முடுகலிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் முடுக்கம், முடுக்கி. நல்ல சொற்கள்தான். ஆனால் அவை பொருந்துவது காலடியில் இருக்கும் மிதிக்கு. கேபிள் காலத்தில் மிதியும் தட்டும் ஒரே இழுவையின் இரண்டு முனைகள். கால் இறங்கினால் தட்டு திறந்தே ஆக வேண்டும். அதனால் கராஜில் இரண்டு பக்கத்துக்கும் ‘எக்சிலேட்டர்’ என்ற ஒரே பெயர் போதுமாயிருந்தது. எலெக்ட்ரோனிக் வகையில் அந்தப் பிணைப்பு அறுந்துவிட்டது. மிதியில் உள்ள உணரிகள் கால் எவ்வளவு இறங்கியது என்று கணினிக்குச் சொல்கின்றன. தட்டை எவ்வளவு திருப்புவது என்பதைக் கணினி தானே முடிவுசெய்து, ஒரு சிறு மோட்டாரை ஏவுகிறது. கால் அசையாமலே தட்டு அசையலாம்: ஏசி போட்டால், எஞ்சின் குளிர்ந்திருந்தால், சில்லு வழுக்கினால். கால் முழுதாக இறங்கியும் தட்டு முழுதாகத் திறக்காமலும் இருக்கலாம். ஆகவே இரண்டு உறுப்புக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். மற்றதை விட்டாலும் இதை விடமாட்டேன்.

ஒரு வசனத்தில் வைத்துப் பாருங்கள். ‘ஆர்முடுகியில் கரி பிடித்திருக்கிறது, கழற்றிக் கழுவு’ என்று எழுதினால் வேலை பழகும் பொடியன் சீட்டுக்கு முன்னால் குனிந்து மிதியைப் பார்ப்பான். கரி பிடித்திருப்பது பொனட்டுக்குக் கீழே. அப்புறம் டீசல் இருக்கிறது. பழைய கார்களுக்கு டீசல் எஞ்சின் ஏற்றுவது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். அந்தக் காலத்து டீசல் எஞ்சின் பெரும்பாலானவற்றில் இந்தத் தட்டே இல்லை. மிதி பம்பைத் திருப்பி டீசல் அளவை மாற்றும். அங்கே மிதி உண்டு, திரொட்டில் இல்லை. ஒரே பெயர் வைத்தால் இதை எப்படி எழுதுவது?

‘நெரிப்பான்’ ஆங்கிலத்தைப் பார்த்து வந்தது. ஆங்கிலத்தில் திரொட்டில், சோக் இரண்டுமே கழுத்தை நெரிக்கும் சொற்கள். ஒன்றுக்கு நெரிப்பானைக் கொடுத்துவிட்டால் மற்றதற்கு எதைக் கொடுப்பது? மைனர் வைத்திருப்பவருக்கு இது ஏட்டுக் கேள்வியல்ல, காலையில் குளிர்ந்த எஞ்சினைச் சோக் இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணுவார். இன்னொன்று, மைனரில் உள்ள எஸ்.யூ. காபரேட்டரில் சோக்கை இழுத்தால் எந்தத் தட்டும் மூடுவதில்லை. பெற்றோல் வரும் ஜெட் கீழே இறங்கி, கலவையில் பெற்றோல் கூடுகிறது. நெரிப்பே நடக்காத இடத்தில் நெரிப்பு என்ற பெயர்! திரொட்டிலிலும் நாம் செய்கிற வேலை திறப்பதுதான். ‘நெரிப்பானைத் திற’ என்று எழுதக் கை வரவில்லை.

‘வளிமதகு’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தமிழ்நாட்டில் அது சரியாகப் போகும். இங்கே மதகு என்றால் வீதிக்குக் கீழே தண்ணீர் ஓடும் சிறு பாலம். பின்னேரத்தில் அதன் கட்டில் இருந்து ஊர்க்கதை பேசுவோம். ஆனால் அந்த நண்பர் கைவைத்த திசை சரியானது. மாரிமழை பிடித்தால் கந்தளாய்க் குளத்தின் வான்கதவு திறந்தார்களா, எத்தனை அடி திறந்தார்கள் என்பதே எங்கள் மாவட்டத்தில் பேச்சு. கதவு என்றால் ஆள் நுழையும் வாசல் மட்டுமல்ல, ஓட்டத்தை அளவு பார்த்து விடுகிற பலகை என்பதும் இங்கே எல்லோருக்கும் பழக்கம். ஆகவே ‘வளிக்கதவு’ என்று முன்வைக்கிறேன். தட்டு ‘கதவுத்தட்டு’. அதன் கோணத்தைச் சொல்லும் உணரி ‘கதவுநிலை உணரி’. காலடியில் இருப்பது ‘வேகமிதி’, அங்குள்ள உணரி ‘மிதிநிலை உணரி’. ‘வளிக்கதவில் கரி பிடித்திருக்கிறது, கழற்றிக் கழுவு’: இதில் குழப்பம் இல்லை.

இனி இரண்டு வகைக்கும் பெயர். ‘கம்பி வளிக்கதவு’, ‘மின் வளிக்கதவு’ என்றுதான் முதலில் வாயில் வரும். கம்பி இங்கே வழுக்குகிறது. கேபிளும் கம்பி, மின்வயரும் கம்பி. எலெக்ட்ரோனிக் வகையை ஆங்கிலத்தில் ‘டிரைவ்-பை-வயர்’ என்கிறார்கள்; அதைக் ‘கம்பிவழி’ என்று தமிழாக்கினால் கேபிள் வைத்த பழைய வகைதான் நினைவுக்கு வரும். வடம் என்று போனால் மின்வடம் குறுக்கே நிற்கும்.

கேபிள் இருக்கிறதா என்று பார்த்துப் பெயரிடுவதும் சரிவராது. 1990களின் இறுதியில் டொயோட்டா சில எஞ்சின்களில் இரண்டையும் சேர்த்தே வைத்தது. 1998 லெக்சஸ் எல்.எஸ். 400இன் எட்டு சிலிண்டர் எஞ்சின் அப்படிப்பட்டது. மிதியிலிருந்து கேபிள்தான் வரும். ஆனால் அது திருப்புவது வளிக்கதவின் பக்கத்தில் உள்ள மிதிநிலை உணரியை. தட்டைத் திருப்புவது மோட்டார். மோட்டார் கைவிட்டால் மட்டும் கேபிள் தட்டைக் கொஞ்சம் திறந்து, காரை ஓரளவு நகர்த்த உதவும். கேபிளைக் கண்டவுடன் ‘பழைய வகை’ என்று வாங்கிவந்தால் பிறகு வயரிங்கில் திண்டாட வேண்டியதுதான்.

ஆகவே தட்டை எது அசைக்கிறது என்பதை வைத்துப் பெயரிடுவோம். காலால் இழுபடுவது ‘இழுகதவு’. கணினியால் ஏவப்படுவது ‘ஏவுகதவு’. இரண்டும் வினைத்தொகை, கராஜில் சத்தத்துக்கு நடுவே கூப்பிட்டுச் சொல்லவும் போதுமான அளவு சின்னது.

தம்பிக்கு நான் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். இழுகதவு எஞ்சினையே எடுங்கள் என்றேன். மைனர் பழைய வழக்கப்படி நேர்முனையைப் புவித்தொடுப்பாகக் கொண்ட, டைனமோ வைத்த கார். இன்ஜெக்‌ஷன் எஞ்சின் எதை ஏற்றினாலும் அதை எதிர்முனைக்கு மாற்றி ஓல்டனேற்றர் போடத்தான் வேண்டும். இதில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில். ஏவுகதவு எடுத்தால் வேகமிதி, வளிக்கதவு, கணினி மூன்றும் ஒரே வாகனத்தின் பொருத்தமான தொகுதியாக வர வேண்டும். பொதுவாக மிதிக்கு ஆறு வயர், கதவுக்கு ஆறு வயர். உணரிகள் இரட்டையாக இருக்கும். இரண்டின் வாசிப்பும் ஒத்துவராவிட்டால் கணினி மோட்டாரை விட்டுவிடும், சுருள்வில் தட்டைச் சற்றே திறந்த நிலையில் பிடித்துக்கொள்ளும், கார் ஊர்ந்து போகும். அது பாதுகாப்புக்காகச் செய்த நல்ல ஏற்பாடு. ஏவுகதவைக் கண்டு பயப்படத் தேவையில்லை. டொயோட்டா கார்கள் தானாக வேகமெடுத்தன என்ற முறைப்பாடுகளை நாசாவின் உதவியோடு ஆராய்ந்த அமெரிக்க அரசு, அதற்கு எலெக்ட்ரோனிக் காரணம் எதையும் காணவில்லை என்று 2011இல் சொன்னது.

என் கவலை உப்பு. உப்புவெளியிலோ டொக்யார்ட் வீதியிலோ இரவில் வெளியே நிற்கும் கார்களின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே உலோகப் பின்னில் பச்சை பூத்திருக்கும். தொழிற்சாலையில் கட்டிய வயரிங் அதைத் தாங்கும். நாம் வெட்டி ஒட்டிய வயரிங் அவ்வளவு தாங்காது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில், யானை கடக்கும் பாதையில், பின் ஒன்று கறுத்ததால் கார் ஊர்ந்து போவதை நான் விரும்பவில்லை. கேபிள் அறுந்தாலும் நிற்கத்தான் வேண்டும், ஆனால் ஒரு மாற்றுக் கேபிளை டிக்கியில் வைத்துக்கொள்ளலாம், தெருவோரத்திலேயே மாட்டலாம்.

இழுகதவிலும் கவனம் வேண்டும். கேபிளின் வெளியுறையை எஞ்சின் பக்கத்தில் வளிக்கதவோடு சேர்ந்த தாங்கியில் இறுக்க வேண்டும். காரின் உடலில் இறுக்கினால் எஞ்சின் ஆடும்போதெல்லாம் தட்டும் ஆடும். மிதி முழுதாக இறங்கும்போது தட்டு முழுதாகத் திறக்க வேண்டும். அதற்கு மேல் கேபிளை இழுக்காதபடி மிதிக்குக் கீழே ஒரு தடை. தட்டைத் திரும்ப மூடும் மீள்வில் (சுருள்வில்) இரண்டு போடுங்கள். கேபிளைச் சைலென்சர் குழாய்க்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், உள்ளுறை உருகி ஒட்டிக்கொள்ளும்.

சொற்களைப் பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள்.

கோவையிலிருந்து:

வணக்கம். மிதியையும் கதவையும் பிரிக்க வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். எங்கள் பட்டறைகளில் இன்னமும் அம்பாசடருக்கு வேறு எஞ்சின் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் ‘ஆக்ஸிலேட்டர்’ என்றால் மிதியா, கேபிளா, கார்புரேட்டர் பக்கமா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மதகு பற்றிய செய்தி எனக்குப் புதிது.

இரண்டு தயக்கம் இருக்கிறது. ‘வளி’ இங்கே வளிமண்டலத்தோடு நின்றுவிட்டது. பட்டறையில் காற்று என்றால்தான் புரியும். அப்புறம், ‘ஏவு’ என்றதும் எங்களுக்கு ஏவுகணையும் ஏவுதளமும்தான் நினைவுக்கு வரும். ‘மின்னணு வளிக்கதவு’ என்றால் யாருக்கும் சந்தேகம் வராதே?

மட்டக்களப்பிலிருந்து:

அண்ணா, தொழிற்பயிற்சி வகுப்பில் இந்தப் பாடத்தை நான் தமிழில் எடுக்கிறேன். கதவுநிலை உணரி, மிதிநிலை உணரி இரண்டையும் நாளைக்கே கரும்பலகையில் எழுதுவேன். இதுவரை இரண்டையும் ‘நிலை உணரி’ என்று சொல்லிவிட்டுக் கையால் காட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் இழுகதவு என்றதும் பிள்ளைகள் பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் வேன் கதவை நினைப்பார்கள். முதல் தரம் வரும்போது ‘இழு வளிக்கதவு’ என்று முழுதாக எழுதுவது நல்லது.

திருகோணமலையிலிருந்து:

தங்கச்சி சொன்ன வேன் கதவு மிகச் சரி, அதுவும் வாகனத்துக்குள்ளேயே இருக்கும் கதவு. இழு வளிக்கதவு, ஏவு வளிக்கதவு என்பதே முழுப்பெயராக இருக்கட்டும். சுருக்கம் குறிப்புக்குள் மட்டும்.

கோவை ஐயாவுக்கு: ‘வளி’க்குப் பதில் காற்றுக்கதவு என்று நீங்கள் எழுதினால் எனக்கு மனக்குறை இல்லை. இங்கே காற்று வீசுவது. எஞ்சினுக்குள் போவதை வளி என்றே பாடப்புத்தகம் பழக்கிவிட்டது. கதவு பொதுவாக இருந்தால் இரு கரையும் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ளும்.

‘மின்னணு’வில் எனக்கு இரண்டு சிக்கல். ஒன்று, நாங்கள் இலத்திரனியல் என்கிறோம், பழைய பிளவு மறுபடி வரும். மற்றது பொருள் சார்ந்தது. 7கே-ஈ போன்ற இழுகதவு எஞ்சினிலும் கதவுநிலை உணரி இருக்கிறது. எஞ்சின் சும்மா ஓடும்போது தட்டைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் வளியை விடும் ஒரு மின்வால்வும் இருக்கிறது. அதைக் கணினிதான் நடத்துகிறது. அதைக் காட்டி ‘இதுவும் மின்னணுதானே’ என்று பொடியன் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. தட்டைத் திருப்புவது யார் என்று கேட்டால் மட்டுமே விடை தெளிவாக வரும். ஏவுகணைக்கு முன்பே ஏவல் வினை இருந்தது, ஐயா. ‘செய்’, ‘நட’, ‘திற’ என்று கட்டளையிடுவதை நாம் சின்ன வகுப்பிலேயே அந்தப் பெயரால்தான் படித்தோம். கணினி மோட்டாருக்குச் சொல்வதும் ‘திற’ என்பதுதான். அதனால் ஏவு இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி 7கே-ஈயை எடுத்துவிட்டார். வரும் சனிக்கிழமை எஞ்சின் தாங்கிகளை அளக்கிறார்கள். அதற்கு முன் வயரிங் படத்தில் உறுப்புகளின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தச் சொற்களில் எதற்காவது மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சோக்குக்கு இன்னும் சொல் இல்லை. எஸ்.யூ. காபரேட்டரில் ஜெட்டை இறக்குவதும் மற்ற காபரேட்டர்களில் தட்டை மூடுவதும் ஒரே பெயரில் அடங்க வேண்டுமா என்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.