புதுப்பிப்பு: ஒப்பந்தம் எழுதும் வகுப்பு

தர்மபுரியில் சட்ட மாணவர்களுக்கு ஒப்பந்தம் எழுதக் கற்றுத்தர எங்கே தொடங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். மாதிரிப் படிவம் வேண்டாம், நிஜமான பேரத்தைக் கொடுங்கள் என்றீர்கள். அப்படியே செய்தேன்: கிருஷ்ணகிரி தோட்டக்காரர் மாங்கூழ் தொழிற்சாலைக்குப் பெங்களூரா மாங்காய் விற்கிறார்.

பலரும் "தரமான மாங்காய் 50 டன்" என்று எழுதி முடித்துவிட்டார்கள். சரி, தரத்தை யார் முடிவு செய்வது? எடை தோட்டத்திலா, தொழிற்சாலை வாசலிலா? வழியில் அழுகினால் நஷ்டம் யாருக்கு? வகுப்பே சூடுபிடித்தது. அப்புறம்தான் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவைத் திறந்தோம். எந்த எண்ணெய் என்று சொல்லாமல் நூறு டன் எண்ணெய் விற்கும் உடன்பாடு செல்லாது என்று அங்கே உதாரணமே இருக்கிறது. பிரிவை முதலில் நடத்தியிருந்தால் இந்த ஆர்வம் வந்திருக்காது.

அடுத்து 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் தர வேண்டிய இழப்பீடு. தோட்டக்காரர் தரப்பு மாணவர்களும் தொழிற்சாலைத் தரப்பு மாணவர்களும் தாள்களை மாற்றிக்கொண்டு திருத்தப் போகிறார்கள். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.