புதுப்பிப்பு: அரிசி ஆலை மோட்டார் ட்ரிப் ஆவது நின்றுவிட்டது

மன்னார்குடி பக்கம் எங்கள் அரிசி ஆலையில் 20 எச்பி மோட்டார் ஓடி அரை மணி நேரத்தில் ஓவர்லோடு ரிலே (மோட்டார் அதிக கரண்ட் இழுத்தால் அதை நிறுத்தும் பாதுகாப்புக் கருவி) ட்ரிப் ஆகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஆம்பியர் மூன்று பேஸிலும் சமம்தான். லோடில் ஓடும்போது கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) மேல்முனையிலிருந்து ரிலே வெளிமுனை வரை வோல்டேஜ் டிராப் பார்க்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான் பலித்தது. இரண்டு பேஸில் 0.2 வோல்ட், மூன்றாவதில் 1.2; அந்த பேஸில் எங்கோ இணைப்பு சரியில்லை என்று அர்த்தம். மெயினை நிறுத்திப் பூட்டிவிட்டுத் திறந்தேன்.

நான் சந்தேகப்பட்ட கான்டாக்ட் முனைகள் நன்றாகவே இருந்தன. ரிலே ஸ்க்ரூதான் தளர்ந்து, லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) கருகியிருந்தது. தளர்ந்த இணைப்பில் உண்டான சூடே ரிலேக்குள் இருக்கும் பைமெட்டலை (சூட்டில் வளையும் உலோகத் தகடு) வளைத்து ட்ரிப் ஆக்கியிருக்கிறது. மோட்டார் மேல் தப்பே இல்லை. லக்கை மாற்றி, சரியான அளவு இறுக்கம் தரும் டார்க் ஸ்க்ரூடிரைவரில் முறுக்கினேன். அப்புறம் குறுவை நெல் அரைவை முழுக்க ஒரு ட்ரிப் கூட இல்லை.