மகளை ஒன்லைன் வகுப்பில் சேர்க்கலாமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாலையூற்று அம்மா:
மூத்தவள் உயர்தரம், உயிரியல் பிரிவு. இரசாயனவியலுக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு சேர் சூமில் படிப்பிக்கிறாராம். தானும் சேரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்கு மனம் வரவில்லை. காரணம் அவளுடைய தம்பி. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது அவன் தரம் 3. வட்ஸ்அப்பில் செயலட்டை வரும், நான் கொப்பியில் பார்த்து எழுதிக் கொடுப்பேன், அவன் செய்வான், படம் எடுத்து அனுப்புவேன். ரீச்சர் ஒரு கட்டைவிரல் போடுவார். எல்லாம் சரி. பாடசாலை ஒழுங்காகத் திறந்த பிறகுதான் தெரிந்தது, ஆறாம் வாய்ப்பாட்டுக்கு மேல் அவனுக்கு ஒன்றும் வராது என்று. விடையெல்லாம் அக்காக்காரி சொல்லிக் கொடுத்தது. இப்போது ஒற்றைக்காலில் நிற்கிறவளேதான்!

கணக்கு ரீச்சர்:
அந்தக் கட்டைவிரல் போட்ட கூட்டத்தில் நானும் ஒருத்தி அக்கா, கோபிக்காதீர்கள். அப்போது வெருகல் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் எடுத்தேன். வகுப்பில் 31 பிள்ளைகள், வட்ஸ்அப் குழுவில் 17 இலக்கங்கள். அந்தப் பதினேழும் பிள்ளைகளுடையது அல்ல. அப்பா வயலுக்குப் போனால் போனும் வயலுக்குப் போய்விடும். காலை 10 மணிக்கு வகுப்பு வைத்தால் நான்கு பேர். இரவு 8 மணிக்கு மாற்றினேன், பதினொரு பேர் வந்தார்கள். இலவச சூம் கணக்கு 40 நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். திரும்ப இணைவதற்குள் மூன்று பேரைக் காணாது.

அதையெல்லாம் கூடப் பொறுக்கலாம். கொப்பி தெரியாததுதான் பெரிய கரைச்சல். வகுப்பில் மேசைகளுக்கு இடையில் ஒரு சுற்று நடந்தால், எந்தப் பிள்ளை எந்த வரியில் நிற்கிறது என்று கண்ணால் பிடித்துவிடலாம். சூமில் ‘விளங்கியதா?’ என்று கேட்டால் ‘ஓம் ரீச்சர்’ என்று எழுத்து வரும். விளங்காத பிள்ளைதான் முதலில் ஓம் போடும்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். வகுப்பில் இரண்டு வருடமாக வாயே திறக்காத ஒரு பிள்ளை, இரவில் குரல் பதிவு அனுப்பிச் சந்தேகம் கேட்கத் தொடங்கினாள். பின்னால் தவளைச் சத்தம் கேட்கும். நல்ல கேள்விகள். முப்பது பேருக்கு முன்னால் கேட்க அவளுக்கு வெட்கம், அவ்வளவுதான். 2021 ஜூலையில் சம்பளப் போராட்டத்துக்காக ஒன்லைன் வகுப்பையும் நிறுத்தினோம். (அது சரியா பிழையா என்று இங்கே சண்டை வேண்டாம்.) அவளுக்கு மட்டும் பதில் அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

கிண்ணியாத் தம்பி:
நான் கணிதப் பிரிவு. 2021 உயர்தரம், பரீட்சை நடந்தது 2022 பெப்ரவரியில். என்னைக் கேட்டால் ஒன்லைன் இல்லாவிட்டால் நான் கம்பஸ் பக்கமே போயிருக்க மாட்டேன். முன்பு ரியூசனுக்கு பஸ் பிடித்து, பாலம் தாண்டி, டவுனுக்குப் போய் வர அரை நாள் போய்விடும். இணைந்த கணிதத்துக்குக் கொழும்பு சேர் ஒருவரிடம் வீட்டில் இருந்தே படித்தேன். விளங்காத இடத்தைப் பதிவில் மூன்று தரம் போட்டுப் பார்க்கலாம். நேரடி வகுப்பில் ஒரு சேரிடம் மூன்று தரம் கேட்டுப் பாருங்கள், தெரியும்!

தங்கச்சிதான் மாட்டிக்கொண்டாள். அவளுக்கு 2022 மே மாதம் சாதாரண தரம். மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலம் அது. வாப்பா ஓட்டோ பற்றரியில் போனைச் சார்ஜ் போட்டுக் கொடுப்பார், ஆனால் டவரில் சிக்னல் இருக்காது. அப்புறம் உம்மா பழைய வினாத்தாள்களை எங்கிருந்தோ தேடிப்பிடித்து வந்தார், மெழுகுதிரியோடு ஓடியது.

எனக்கும் ஒரு அடி விழுந்தது. பௌதிகவியல் பரிசோதனைகள் எல்லாம் வீடியோவில் பார்த்ததுதான். கம்பஸில் முதல் நாள், மெல்லிய தடிப்பை அளக்கும் நுணுக்குமானியைக் கையில் தந்தார்கள். வாசிப்பு எடுக்கும் முறை மனப்பாடம், எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியவில்லை.

இன்னொன்று. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம்தான் நாடு முழுவதற்கும் பொதுத் திறமைப் பட்டியல். 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் எங்கள் திருகோணமலை உட்பட பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அதாவது நாங்கள் போட்டி போடுவது பெரும்பாலும் கொழும்புப் பிள்ளையோடு அல்ல. டவுனில் தனிப் போனும் ரவுட்டரும் உள்ள பிள்ளையும், ரீச்சர் சொன்ன அந்த வயலுக்குப் போகும் போனும் ஒரே பட்டியலில்தான். நான் போன் வைத்திருந்த பக்கம். அதனால் எனக்கு ஒன்லைன் நல்லதாகத் தெரியலாம்.

நிலாவெளித் தாத்தா:
பேரனுக்குப் பதினொரு வயதில் கண்ணாடி. ஒன்லைனால்தான் என்று டொக்டர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

உவர்மலைப் பிள்ளை:
அன்ரி, நீங்கள் சொல்வதுபோன்ற ஒரு வகுப்பில்தான் நான் எட்டு மாதம் இருந்தேன். நானூறு பேர், எல்லாருக்கும் கமரா ஓஃப். வங்கிச் சிட்டையைப் படம் எடுத்து அனுப்பினால் லிங்க் வரும், பதிவு மூன்று நாளில் அழிந்துவிடும். சேர் நன்றாகத்தான் படிப்பித்தார். ஆனால் நான் இருக்கிறேனா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் பல நாள் நான் இருக்கவில்லை, சூமை ஓடவிட்டு டிக்டொக் பார்த்தேன்.

பிறகு மூன்று தோழிகள் ஒரு வீட்டில் கூடி, லப்டொப்பை ரீவியில் இணைத்துப் பார்த்தோம். ஒருத்தி தூங்கினால் மற்றவள் கிள்ளுவாள். வகுப்பு முடிந்ததும் அன்றைய கணக்கை மூவரும் தனித்தனியே செய்து, கொப்பியை மாற்றித் திருத்துவோம். மாதம் ஒருமுறை எங்கள் பாடசாலை ரீச்சரிடம் காட்டினோம். அதற்குப் பிறகுதான் புள்ளி ஏறியது. மகளைத் தனி அறையில் போனோடு விடாதீர்கள், அவ்வளவுதான்.

பாலையூற்று அம்மா:
எல்லாருக்கும் நன்றி. சரி, சேரட்டும். ஆனால் அவளும் இரண்டு தோழிகளும் எங்கள் வீட்டு விறாந்தையில், நான் சமைக்கும்போது தெரியும் இடத்தில் இருந்து பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். தம்பிக்கு இனி விடை சொல்லிக் கொடுக்கக்கூடாது என்பதும் நிபந்தனை.

ரீச்சர், அந்தத் தவளைச் சத்தப் பிள்ளை இப்போது என்ன செய்கிறாள்?

கணக்கு ரீச்சர்:
தெரியவில்லை அக்கா. எனக்கு அடுத்த வருடம் இடமாற்றம் வந்தது. அது அவளுடைய அண்ணனின் போன். அவன் கட்டாருக்குப் போனபோது அந்த இலக்கமும் போய்விட்டது.