அப்பாவை வீல்சேரில் மெரினாவுக்கும் மாமல்லபுரத்துக்கும் கூட்டிப்போகிறோம், யோசனை சொல்லுங்கள்

தல்லாகுளம் மலர்:
அப்பாவுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் இன்னும் சரியாக வரவில்லை. வீட்டுக்குள் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைப்பார், வெளியே என்றால் வீல்சேர்தான். ஓவிய ஆசிரியராக இருந்தவர். மெரினாவையும் மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசையும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்கிறார். நானும் தம்பியும் கூட வருகிறோம், எழும்பூரில் தங்குகிறோம். மணலில் தானே தூக்கிக்கொண்டு போய்விடுவதாகத் தம்பி சொல்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

திருவல்லிக்கேணி கலா:
மலர், நானும் வீல்சேரில் இருப்பவள்தான். முதுகுத்தண்டில் அடிபட்டுப் பல வருடம் ஆகிறது. தூக்கவே வேண்டாம். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணல் மேல் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். அதற்கு முன்பெல்லாம் இந்த ஊரிலேயே இருந்துகொண்டு நான் சாலையோரத்தில் இருந்துதான் கடலைப் பார்ப்பேன். அந்தப் பாதையின் முனைக்குப் போய், அலைச் சத்தம் பக்கத்தில் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஞாயிறு சாயங்காலம் மட்டும் வேண்டாம். படம் எடுக்க வருகிறவர்களே பாதையை அடைத்துக்கொள்வார்கள். வேலை நாளில் நாலரை மணிக்குப் போனால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், கடலைப் பார்க்கக் கண் கூசாது.

எழும்பூரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் நீல வழித்தடத்துக்கு மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்குங்கள். லிஃப்ட் இருக்கிறது. ரயிலுக்குள் நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்து ஏற்றச் சொல்லுங்கள். பெரிய சக்கரம் முதலில் போனால் இடைவெளியில் சிக்காது. உள்ளே போனதும் இரண்டு பிரேக்கையும் போட்டுவிடுங்கள். அங்கிருந்து கடற்கரைக்கு டாக்சிதான் வசதி, நடைபாதையை நம்ப முடியாது.

தம்பியிடம் இதையும் சொல்லுங்கள். இரண்டு மூன்று படி ஏற வேண்டி வந்தால் நாற்காலியைத் திருப்பி, அப்பாவின் முதுகு படிப் பக்கம் இருக்கும்படி பின்னால் சாய்த்து, ஒவ்வொரு படியாக இழுக்க வேண்டும். முன்னால் நிற்கிறவர் நாற்காலிச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். கை வைக்கிற இடத்தையும் கால் வைக்கிற பலகையையும் பிடிக்கவே கூடாது, கழன்று கையோடு வந்துவிடும். செங்குத்தான சரிவில் இறங்கும்போதும் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். அப்பாவின் இடது கையை மடியில் ஒரு சின்னத் தலையணை வைத்து அதன்மேல் வையுங்கள். உணர்ச்சி குறைந்த கை தொங்கினால் சக்கரக் கம்பிக்குள் போனதுகூடத் தெரியாது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிற விஷயம் ஒன்று உண்டு. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அப்பா சொல்லட்டும். தள்ளுகிறவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் தங்களுக்குத் தெரிகிற இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு முன்னால் கைப்பிடிச் சுவர் நிற்கும். நிறுத்தியதும் ஒரு தடவை குனிந்து அவர் கண் மட்டத்தில் இருந்து பாருங்கள், புரிந்துவிடும். கடைக்காரர் உங்களைப் பார்த்து "ஐயாவுக்கு என்ன வேணும்" என்று கேட்டால், பதிலை அப்பாவே சொல்ல விட்டுவிடுங்கள். பேச்சு மெதுவாக வந்தால் வரட்டும்.

மல்லை உளி:
அம்மா, நான் மாமல்லபுரத்தில் சிற்ப வேலை செய்கிறவன். அர்ச்சுனன் தபசுக்குப் படி ஏற வேண்டியதே இல்லை. தெருவை ஒட்டிய பாறை, நாற்காலியில் இருந்தபடியே முழுவதையும் பார்க்கலாம். கிழக்கு பார்த்தது, அதனால் காலையிலேயே வந்துவிடுங்கள். அப்போதுதான் வெளிச்சம் நேரே விழும். உங்கள் அப்பா ஓவியர் என்பதால் சொல்கிறேன், யானையின் காலடியில் தவம் செய்கிற பூனையையும் சுற்றியுள்ள எலிகளையும் காட்டுங்கள். எல்லாம் தாழ்வான இடத்தில் செதுக்கியவை, உட்கார்ந்தவர் கண்ணுக்கு நன்றாக அகப்படும். ஐந்து ரதம் வேறு மாதிரி, அங்கே மணல். முன் சக்கரத்தைத் தூக்கிப் பின்பக்கமாக இழுத்தால் போகும், இரண்டு பேர் வேண்டும். ஐயா களைத்திருந்தால் அதை விட்டுவிட்டு இங்கேயே இன்னும் கொஞ்சம் நேரம் இருங்கள்.

தல்லாகுளம் மலர்:
கலா அக்கா, மல்லை ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பூனை என்றதும் சிரித்துவிட்டு, ஸ்கெட்ச் நோட்டை எடுத்து வைக்கச் சொன்னார். வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. அக்கா, ஒரே கவலை பாத்ரூம்தான். வெளியே போகிற அன்று தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறார்.

திருவல்லிக்கேணி கலா:
எங்களில் நிறைய பேர் அப்படித்தான் செய்வார்கள், அது ஆபத்து. சென்னை வெயிலில் தண்ணீரைக் குறைத்தால் மயக்கம் வரும், சிறுநீர்த் தொற்றும் வரும். மெட்ரோ நிலையத்தில் வீல்சேர் போகிற கழிப்பறை உண்டு, கடற்கரைக்குக் கிளம்பும் முன் அங்கே போய்விடுங்கள். தம்பி கூட இருக்கிறாரே, ஒரு யூரின் பாட்டிலும் பெரிய துண்டும் பையில் இருக்கட்டும், டாக்சியிலேயே சமாளித்துவிடலாம். மாமல்லபுரத்துக்குக் கார் பேசும்போது, மடக்கிய நாற்காலி டிக்கியில் போகுமா என்று முதலிலேயே கேளுங்கள். பல வண்டிகளில் கேஸ் சிலிண்டர்தான் பாதி இடத்தை அடைத்திருக்கும்.