மறு: 'டிடென்ட்' என்பதற்கு நிறுத்தியா, படியா, காடியா?

அன்பர்களுக்கு வணக்கம். 'டிடென்ட்' (detent) என்பது, நெம்புகோலைத் தள்ளும்போது 'டக்'கென்று உட்கார்ந்து, இன்னும் அழுத்தினால் தாண்டிப் போகவிடும் இடம். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இழைக்கு என் பதில் இது.

> 'நிறுத்தி' என்றே வைத்துவிடலாமே. நெம்புகோல் அங்கே நிற்கிறது, அவ்வளவுதானே?

அவ்வளவு மட்டும் இல்லை. தண்டையார்பேட்டையில் என் வீட்டு மாடி அறையில், கணினி விமான விளையாட்டுக்காக ஏர்பஸ் ஏ320 விமானத்தின் த்ராட்டில் (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) ஒன்றைப் பாதி கட்டி வைத்திருக்கிறேன். அதைக் கையால் தொட்டவர்கள் 'நிறுத்தி' என்று சொல்லமாட்டார்கள்.

12 மி.மீ. பிளைவுட்டில் ஓர் அரைவட்டம். விளிம்பில் முக்கோண அரத்தால் ராவிய பள்ளங்கள். அவற்றில் வந்து விழுவது பீரோ கதவுக்குப் போடும் பால் கேட்ச்தான்: பித்தளைக் கூட்டுக்குள் ஸ்பிரிங், முனையில் ஒரு குண்டு. நெம்புகோலைத் தள்ளினால் குண்டு பள்ளத்தில் 'டக்'கென்று உட்காரும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஏறி வெளியே வந்துவிடும். (முதல் தடவை பள்ளத்தை ஆழமாக ராவிவிட்டேன். குண்டு உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை. அதற்கு வேண்டுமானால் 'நிறுத்தி' பொருந்தும்.)

ஏ320-இல் ஓடுபாதையில் ஃப்ளெக்ஸ் (சற்றுக் குறைத்த விசை) அல்லது டோகா (முழு விசை) வரை தள்ளிக் கிளம்புவார்கள். ஓர் உயரம் வந்ததும் 'கிளைம்ப்' (மேலேறும் விசை) பள்ளத்துக்கு இழுத்துவிட்டால், பிறகு வழக்கமாகத் தரையிறங்கும் நேரம்வரை அங்கேயே கிடக்கும். இன்ஜின் வேகத்தைத் தானியங்கி கூட்டிக் குறைக்கும், நெம்புகோல் அசையாது. ஆனால் டோகாவைத் தாண்டிப் போக இடமே கிடையாது. அது முட்டு. நிறுத்தி என்ற பெயருக்கு உரியது அதுதான். தாண்டக்கூடியதற்கும் தாண்டமுடியாததற்கும் ஒரே சொல்லை வைத்தால் கட்டுகிறவன் குழம்பிப்போவான்.

> 'படி' என்றால்?

எதிர்வீட்டு அண்ணன் ரயில் டீசல் இன்ஜின் ஓட்டி ஓய்வுபெற்றவர். போன வாரம் மேலே வந்தவர் நெம்புகோலை ஒரு தரம் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, மொத்தம் எத்தினி நாட்ச்சு?" என்றார். அவர் ஓட்டிய டபிள்யூ.டி.எம்.2 இன்ஜினில் எட்டு நாட்ச். அந்த எட்டில் ஏதாவது ஒன்றில்தான் வேலை. நடுவில் ஒன்றும் இல்லை. பழைய ஃபேன் ரெகுலேட்டரும் அப்படித்தான். அவற்றுக்குப் 'படி' அழகான சொல். நம்முடையதில் ஐடிலுக்கும் (இன்ஜின் சும்மா ஓடும் நிலை) கிளைம்புக்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். ஆகவே இங்கே படி சரிவராது.

என் ஓட்டு 'அமர்காடி'க்கு. கதவு நிலையில் பலகை உட்கார எடுக்கும் பள்ளத்தைத் தச்சர்கள் காடி என்கிறார்கள். குண்டு வந்து அமரும் காடி, அமர்காடி. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. 'அமர்' என்பதில் வற்புறுத்தல் இல்லை. உட்கார்ந்தவன் எழுந்து போகலாம்.

> காடி என்றால் புளித்த நீர் அல்லவா?

ஆமாம், மாட்டுத் தொட்டியும்கூட. முன்னால் 'அமர்' நிற்பதால் யாரும் த்ராட்டிலுக்குள் ஊறுகாய் போடப்போவதில்லை.

எழுதியும் பார்த்துவிட்டேன். ஆர்டுயினோ (சிறு மின்னணுப் பலகை) நிரலில் நெம்புகோலின் நிலை 0 முதல் 1023 வரை எண்ணாக வருகிறது. ஒரே இடத்தில் இருந்தாலும் எண் சற்றுத் துள்ளும் என்பதால், ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரு பக்கமும் கொஞ்சம் இடம் விடவேண்டும். குறிப்பில் 'அமர்காடி எல்லை' என்று எழுதினேன். மறுநாள் படித்தபோது எனக்கே புரிந்தது!

அந்த எண்ணைத் தரும் பொட்டன்ஷியோமீட்டருக்குப் பாடநூலின் 'மின்னழுத்தமானி' ஒத்துவராது. அது நீளக் கம்பியைப் பலகையில் கட்டி அளக்கும் கருவி, இது ரேடியோ வால்யூம் திருகும் சாமான். அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

அப்புறம், யோக்குக்கு (விமானி பிடித்து விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) 'நுகம்' சரியா என்று கேட்டவருக்கு: எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஏ320-இல் அது கிடையாது, பக்கத்தில் ஒரு குச்சிதான். போயிங் கட்டுகிறவர்கள் சொல்லட்டும்.