ஹார்ட்லி என்றால் ‘கடினமாக’ என்பதுதானே?

கேள்வி (திருப்பூர்க் கணக்கர்):
பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். சம்பள உயர்வு கேட்டு மேலாளரிடம் ஆங்கிலத்தில் கடிதம் கொடுத்தேன். மார்ச் முழுக்க இரவு பத்து மணி வரை இருந்து ஆண்டுக் கணக்கை முடித்தவன் நான். அதைத்தான் ‘ஐ ஒர்க்டு ஹார்ட்லி இன் மார்ச்’ என்று எழுதியிருந்தேன். அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, திருத்தி வரச் சொல்லிவிட்டார். ஸ்லோவோடு ‘லி’ சேர்ந்தால் மெதுவாக. குயிக்கோடு சேர்ந்தால் விரைவாக. ஹார்டோடு சேர்ந்தால் மட்டும் என்ன ஆகிறது?

பதில் (ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை):
தம்பி, விதியை நீங்கள் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். இந்தச் சொல்தான் அதற்குக் கட்டுப்படாதது. ஃபாஸ்ட் போலவே ஹார்டும் ‘லி’ இல்லாமலே வினையோடு சேரும்: ‘ஐ ஒர்க்டு ஹார்ட்’. ஹார்ட்லி என்றாலோ ‘இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவாக’. உங்கள் வரியைப் படிப்பவருக்கு, மார்ச்சில் நீங்கள் வேலையே பார்க்கவில்லை என்று தோன்றும். இரவெல்லாம் கண்விழித்தவருக்கு இப்படி ஆகலாமா! எதிர்மறை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கூடவே ‘நாட்’ போட்டுவிடாதீர்கள். காதில் சரியாக விழவில்லை என்பதற்கு ‘ஐ கேன் ஹார்ட்லி ஹியர்’ போதும்.

பதில் (தமிழ் முதுகலை மாணவர்):
ஐயா, நீங்கள் நினைத்த பொருள் அந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் இருந்ததுதான். பழைய ஆங்கிலத்தில் அது ‘கடுமையாக’, பிறகு ‘சிரமப்பட்டு’, 16ஆம் நூற்றாண்டில்தான் இன்றைய பொருள் வந்தது. நம் ‘அரிது’ வந்த வழியும் இதுவே. ‘செயற்கரிய செய்வார் பெரியர்’ என்ற குறளில் அரிய என்றால் செய்யக் கடினமான. இன்றோ ‘அரிதாகத்தான் ஊருக்கு வருவார்’ என்றால் எப்போதாவது வருவார் என்றே புரிந்துகொள்கிறோம். கடினமான காரியம் குறைவாகத்தானே நடக்கும்? எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

திருப்பூர்க் கணக்கர்:
அரிதை வைத்துச் சொன்னதும் மனத்தில் பதிந்துவிட்டது, இருவருக்கும் நன்றி. அம்மா, அடுத்த வரியில் ‘ஐ ஸ்டேட் லேட்லி’ என்று இருக்கிறது. அதுவும் தவறா?

ஆசிரியை:
ஆமாம் தம்பி. லேட்லி என்றால் ‘அண்மைக் காலமாக’. இரவு வெகுநேரம் இருந்ததற்கு ‘ஐ ஸ்டேட் லேட்’ என்று எழுதுங்கள். கொடுக்கும் முன் முழுக் கடிதத்தையும் இங்கே ஒருமுறை காட்டுங்கள், பார்த்துத் தருகிறேன்.