டெக்சாஸ் கடை வரிசையில் இருக்கும் தனி இ.ஆர். (அவசர சிகிச்சைப் பிரிவு): அப்பாவை அழைத்துப் போகலாமா?

ஃபிரிஸ்கோ_குமரன்:
வணக்கம். ஃபிரிஸ்கோ பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். மளிகைக் கடை, பீட்சா கடை வரிசையிலேயே சிவப்பு எழுத்தில் '24 மணி நேர இ.ஆர்.' என்று போர்டு மாட்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன, ஒட்டி ஆஸ்பத்திரி எதுவும் கிடையாது. அடுத்த மாதம் ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு, விசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறேன். ராத்திரி ஏதாவது ஆனால் இங்கே ஓடலாமா? இவற்றுக்கு அரசு லைசென்ஸ், சோதனை எல்லாம் உண்டா, இல்லை யார் வேண்டுமானாலும் திறக்கலாமா?

கேட்டி_செல்வி:
லைசென்ஸ் உண்டு தம்பி. நான் நர்ஸ், அதனால் இந்த விதிகள் ஓரளவு பழக்கம். 2009-ல் டெக்சாஸ் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும், டாக்டர் எப்போதும் அங்கேயே இருக்க வேண்டும், லேப், எக்ஸ்ரே வசதி வேண்டும், மேல்சிகிச்சைக்கு நோயாளியை மாற்ற ஓர் ஆஸ்பத்திரியோடு ஏற்பாடு இருக்க வேண்டும். முக்கியமாக, கையில் காசு இல்லை என்று யாரையும் பார்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. இதையே சொல்லும் மத்தியச் சட்டமான எம்டாலா, மெடிகேரில் (முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) சேர்ந்த ஆஸ்பத்திரிகளைத்தான் கட்டுப்படுத்தும், இந்தத் தனி இடங்கள் அதில் வராது, அதனால்தான் மாநிலச் சட்டத்தில் இதைத் தனியாக எழுத வேண்டியிருந்தது.

ஆனால் அப்பாவுக்கு நெஞ்சுவலி, வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் இழுப்பது மாதிரி இருந்தால் அங்கே போகவே போகாதீர்கள். 911 கூப்பிடுங்கள். ஆஞ்சியோ செய்யும் வசதி அங்கே கிடையாது, முதலுதவி செய்து ஆம்புலன்ஸில் வேறு இடத்துக்குத்தான் அனுப்புவார்கள், அந்த நேரம் திரும்பி வராது.

பிளானோ_ரகு:
செல்வி அக்கா சொன்னது சிகிச்சைப் பக்கம். பில் பக்கம் நான் சொல்கிறேன், எனக்கு ஆத்திரமே அதில்தான். வெளியே பார்க்க அர்ஜன்ட் கேர் (சின்ன உபாதைகளுக்கு உடனே பார்க்கும் கிளினிக்) மாதிரியே இருக்கும், ஆனால் பில் ஆஸ்பத்திரி இ.ஆர். பில், ஃபெசிலிட்டி ஃபீஸ் (இடத்துக்கான கட்டணம்) தனி. ஜனங்கள் ஏமாந்து புகார் செய்த பிறகுதான் இதையெல்லாம் வெளிப்படையாக போர்டில் எழுதி மாட்டச் சொல்லி 2015-ல் சட்டம் வந்தது. அதிலும் ஓட்டை, 'உங்கள் இன்சூரன்ஸை ஏற்கிறோம்' என்பார்கள், நெட்வொர்க்கில் (அந்த இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் போட்ட பட்டியலில்) இருக்க மாட்டார்கள். 2019-ல் அந்த விளம்பரத்துக்கும் தடை போட்டார்கள். ஆனால் என்ன விலை வாங்கலாம் என்று மாநிலம் நிர்ணயிப்பதில்லை, பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்பேன்.

உங்கள் கம்பெனி இன்சூரன்ஸுக்கு 2022 ஜனவரியிலிருந்து மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, நெட்வொர்க்குக்கு வெளியே என்று சொல்லி மிச்சத் தொகையை உங்கள் தலையில் கட்ட முடியாது (டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நம் கையிலிருந்து போகும் தொகை, நீங்கள்தான் கட்ட வேண்டும்). விசிட்டர் இன்சூரன்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்கள் தங்கள் பாலிசிப்படி ஒரு தொகை கொடுப்பார்கள், மீதி உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பாலிசியில் இ.ஆர். வரம்பு எவ்வளவு என்று இப்போதே படித்துவிடுங்கள்.

ஃபிரிஸ்கோ_குமரன்:
ரொம்ப நன்றி. எது ஆஸ்பத்திரியுடையது, எது தனி என்று வெளியிலிருந்தே தெரியுமா?

கேட்டி_செல்வி:
போன் செய்து 'மெடிகேர் எடுப்பீர்களா' என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி நடத்தும் கிளை என்றால் பெரும்பாலும் எடுப்பார்கள். தனி இடங்கள் எடுக்க முடியாது; அவற்றுக்கு கோவிட் சமயத்தில், 2020-ல், மெடிகேர் எடுக்கத் தற்காலிகமாக அனுமதி கொடுத்தார்கள், 2023 மே மாதத்தோடு அதுவும் முடிந்துவிட்டது. அப்புறம், சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கெல்லாம் இ.ஆர். வேண்டாம், பகலில் நல்ல அர்ஜன்ட் கேர் ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் மாத்திரைச் சீட்டை ஆங்கிலத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள், ஆம்புலன்ஸ்காரர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.